பம்ப் செத்தால் காரும் சாக வேண்டுமா?

"அசெம்ப்ளியே மாத்தணும் சார்."

சொந்தமாகக் கார் வைத்திருக்கிற யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்பித்ததில்லை. அடுத்து வருவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். "ஆனா இந்த மாடலுக்கு அசெம்ப்ளி இப்ப வர்றதில்ல சார்." அதற்கும் அடுத்தது: "பேசாம வந்த விலைக்குத் தள்ளிட்டு, புதுசா ஒண்ணு எடுத்துடுங்க."

மூன்றே வாக்கியம். நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த கார், காயலான் கடைக்குக் கிளம்பிவிடும்.

இந்த மூன்று வாக்கியங்களோடுதான் இந்த வாரம் என் சண்டை. முதல் வாக்கியம் பெரும்பாலும் சோம்பேறித்தனம். இரண்டாவது, கார் கம்பெனிகளின் அநியாயம். மூன்றாவதைச் சொல்வது மெக்கானிக்தான். ஆனால் அவரைச் சொல்லவைப்பது அரசாங்கம். எப்படி என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஊர், காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோயில் இருக்கிற ஊர். பேரளம் பக்கமிருந்து காரைக்கால் வருகிறவர்கள் திருநள்ளாறுக்கு முன்னால் கடக்கிற ஊர். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 1999-இல் வாங்கிய காரை இன்னும் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.ஒய். 02 நம்பர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனது அதில்தான். மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான். பெயின்ட் கொஞ்சம் மங்கியிருக்கிறது. என்ஜின் நன்றாக இருக்கிறது.

ஒருநாள் உச்சி வெயிலில் வண்டி இழுக்க மறுக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தும்முகிறது. பிறகு நின்றேவிடுகிறது. இருபது நிமிஷம் மரநிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் சொல்கிறார்: "வண்டிக்கு ஏழரை பிடிச்சிருக்கு சார். பக்கத்துலதானே திருநள்ளாறு, ஒரு எள்ளு தீபம் போட்டுடுங்க."

போடட்டும், தப்பில்லை. ஆனால் கோளாறு கிரகத்தில் இல்லை. பின் சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிறது.

* * *

அந்தக் காலத்து அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பெட்ரோல் பம்ப் டேங்கில் இல்லை. என்ஜின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, என்ஜின் சுற்றும்போது தானும் அடித்துக்கொண்டு, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குக் கொடுக்கும். உள்ளே ஒரு டயாஃப்ரம், இரண்டு வால்வு, ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். டயாஃப்ரம் கிழிந்தால் டயாஃப்ரம் மட்டும் வாங்கி மாட்டுவார்கள். வெயிலில் பம்ப் சூடாகி வண்டி நின்றால், டிரைவர் ஈரத் துணியைச் சுற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவார். டீ முடியும்போது வண்டியும் கிளம்பும்.

1990-களில் கதை மாறியது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் வந்தது. பீய்ச்ச வேண்டும் என்றால் அழுத்தம் வேண்டும். பழைய பம்ப் தருவது மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. இந்த என்ஜினுக்கு வேண்டியதோ பெரும்பாலும் 40-ஐ ஒட்டி. உங்கள் கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைவிட அதிகம். அதனால் டார்ச் லைட் அளவில் ஒரு மின்சார பம்ப்பைச் செய்து டேங்குக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள்.

பெட்ரோலுக்குள் கரன்ட்டா, தீப்பிடிக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தீப்பிடிக்க பெட்ரோல் ஆவி மட்டும் போதாது, போதுமான காற்றும் வேண்டும். பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்கிற மோட்டாருக்குக் காற்று கிடையாது. மோட்டாரைச் சுற்றியும் ஊடாகவும் ஓடுகிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது, உராய்வையும் குறைக்கிறது. மீனுக்குத் தண்ணீர் மாதிரி, அந்த பம்ப்புக்குப் பெட்ரோல்.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. காரைக்காலில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. வரி குறைவு, அதனால். நாகப்பட்டினம், மயிலாடுதுறை, பேரளம் என்று சுற்று வட்டாரமெல்லாம் "காரைக்கால்ல போட்டுக்கலாம்" என்று ரிசர்வ் விளக்கு எரிய எரிய வண்டியை ஓட்டிக்கொண்டு வரும். டேங்க் அடிமட்டத்தில் இருக்க, பம்ப் பாதி வெளியே தலை நீட்டிக்கொண்டு சூட்டில் சுற்றும். கீழே தங்கிய துருவையும் கசடையும் வேறு வடிகட்டி வழியாக இழுக்கும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஆயிரக்கணக்கில் செலவை வரவழைத்துக்கொள்கிறோம். கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பைசா செலவில்லாத வைத்தியம் இது.

* * *

சரி, நம் ஆசிரியரின் வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போகிறது. அங்கே என்ன நடக்க வேண்டும்? என்ன நடக்கிறது?

நடக்க வேண்டியது இது. சாவியைத் திருப்பியதும், என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, பின் சீட் பக்கம் இரண்டு விநாடி "ங்ங்ங்" என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் கண் விழிக்கிற சத்தம். கேட்கவில்லை என்றால் முதலில் ஃப்யூஸ், அடுத்து ரிலே. இரண்டுமே சில நிமிஷ வேலை. அவை சரியாக இருந்தால் பம்ப்புக்குப் போகிற பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்து, பம்ப் ஓடும்போது அங்கே 10 வோல்ட்தான் வருகிறது என்றால் குற்றவாளி பம்ப் இல்லை, வழியில் இருக்கிற ஒயர். உப்புக் காற்று அடிக்கிற கடற்கரை மாவட்டம். எர்த் கனெக்‌ஷன் துருப்பிடிப்பது இங்கே சகஜம். அதைச் சுரண்டி இறுக்கினால் பாதி வண்டிகள் பேசாமல் ஓடிவிடும்.

கரன்ட் சரியாக வந்தும் பம்ப் ஓடவில்லையா? டேங்க் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுகிற பழைய தந்திரம் ஒன்று உண்டு. தட்டியதும் ஓடினால், உள்ளே மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இது நோயைக் கண்டுபிடிக்கிற வழி. குணப்படுத்துகிற வழி இல்லை. நாளைக்கு மறுபடி நிற்கும், நடு ராத்திரி நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் நிற்கும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால் பெட்ரோல் லைனில் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் உடனே பம்ப்பின் மேல் பழி போடக் கூடாது. வெளியே இருக்கிற ஃபில்ட்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். "ஃபில்ட்டரா?" என்று நீங்களே திருப்பிக் கேட்டால், விடை கிடைத்துவிட்டது. அடைத்த ஃபில்ட்டரோடு மல்லுக்கட்டித்தான் பல பம்ப்புகள் உயிரை விடுகின்றன. ஃபில்ட்டரை மாற்றாமல் புது பம்ப் போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

இத்தனையும் பார்க்க ஒரு நல்ல மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். நடப்பது என்ன? சத்தம் கேட்கிறாரோ இல்லையோ, உதட்டைப் பிதுக்கி, "அசெம்ப்ளியே மாத்தணும் சார்."

மெக்கானிக்கை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. கண்டுபிடிக்கிற வேலைக்கு நாம் காசு கொடுப்பதில்லையே. "அரை மணி நேரம் பாத்தேன், ஃப்யூஸ் போயிருக்கு, ஐந்நூறு ரூபா கொடுங்க" என்று சொல்கிறவரிடம், "ஒரு ஃப்யூஸுக்கு ஐந்நூறா?" என்று சண்டைக்குப் போகிறோம். "பம்ப் மாத்தினேன், எட்டாயிரம்" என்றால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். டாக்டருக்கு ஃபீஸ் உண்டு என்று ஒப்புக்கொள்கிற நாம், மெக்கானிக்கின் மூளைக்கு ஃபீஸ் உண்டு என்று ஒப்புக்கொள்வதில்லை. பொருளுக்குத்தான் காசு என்று நாமே சொல்லிக் கொடுத்த பிறகு, அவர் பொருளை மாற்றாமல் வேறென்ன செய்வார்?

* * *

சோதித்துப் பார்த்தாயிற்று. பம்ப்தான் போச்சு. மாற்றத்தான் வேண்டும். இப்போதாவது மொத்த அசெம்ப்ளி தேவையா?

அசெம்ப்ளி என்று சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் கூடு அல்லது இரும்புத் தாங்கி. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று முள்ளுக்குச் சொல்கிற மிதவை. ஒரு வலை வடிகட்டி. ரப்பர் குழாய், ஒயர், மேலே ஒரு மூடி, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். நடுவில் அந்தச் சின்ன மோட்டார் பம்ப். செத்தது மோட்டார் மட்டும். மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது. பல்ப் போனால் பல்ப்தானே மாற்றுவோம்? வீட்டின் சீலிங்கைப் பெயர்த்தா மாற்றுவோம்?

பல பழைய கார்களில் அந்த மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றி, அதே அளவும் அதே அழுத்தமும் கொண்ட வேறொன்றை மாட்ட முடியும். வடிகட்டியும் ரப்பர் வளையமும் புதிதாகப் போட வேண்டும். டேங்கின் அடியில் துரு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். குழாய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெளியே பயன்படுத்துகிற சாதாரண பெட்ரோல் குழாய் உள்ளே ஊறுவதற்குச் செய்ததல்ல. டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கவென்றே செய்த குழாய் தனியாக இருக்கிறது. மற்றதைப் போட்டால் ஊறி, கிழிந்து, நீங்கள் போட்ட புது பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருக்கும். என்ஜினுக்கு ஒன்றும் வராது.

கூடு விரிசல் விட்டிருந்தாலோ, மூடியின் ஒயர் முனைகள் கருகியிருந்தாலோ மெக்கானிக் சொல்வது சரி. முழு அசெம்ப்ளிதான் போட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். பார்க்காமல் சொல்வதுதான் என் புகார்.

இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டைத் தூக்கிப் போட்டு நீங்களே இறங்கிவிடாதீர்கள். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. டேங்கைத் திறந்த அந்த நிமிஷம், உள்ளே இருந்த ஆவி வெளிக்காற்றோடு கலக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, காருக்குள்ளும் தரையிலும் தவழ்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பேட்டரியைக் கழற்றி, லைனில் அழுத்தத்தை இறக்கி, டேங்கைக் காலி செய்து, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு செய்ய வேண்டிய வேலை. ஒர்க் ஷாப்பிலும் வாயில் பீடியோடு ஒருவர் குனிந்தால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பம்ப் இன்னொன்று வாங்கலாம்.

* * *

இப்போது இரண்டாவது வாக்கியம். "இந்த மாடலுக்கு வர்றதில்ல."

ஏன் வருவதில்லை? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1995-இல் தேவூ நிறுவனம் சியலோ காரோடு இந்தியாவுக்கு வந்தது. 1998-இல் மாட்டிஸ் வந்தது. அடுத்த ஆண்டே கொரியாவில் தேவூ குழுமம் கடனில் மூழ்கியது. 2002-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தேவூவின் கார் தொழிலை வாங்கியபோது, இந்தியத் தொழிற்சாலையைத் தொடவில்லை. ஆசையாக வாங்கியவர்கள் அநாதையானார்கள். அதே ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலை நகரில் 2022-இல் கடைசி கார் வெளியே வந்தது. உதிரி பாகம் தொடர்ந்து கிடைக்கும் என்று போகும்போது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எத்தனை வருஷத்துக்கு, என்ன விலைக்கு, எந்தக் கடையில் என்பதையெல்லாம் நாம் பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

ஓடிப்போன கம்பெனிகளை விடுங்கள். ஊரிலேயே இருக்கிற கம்பெனிகள் என்ன செய்தன? 2011-இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். உதிரி பாகங்களையும், பழுது பார்க்கத் தேவையான கருவிகளையும், கையேடுகளையும் வெளிச் சந்தையில் விற்காமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே கார் கம்பெனிகள் பூட்டி வைக்கின்றன என்பது புகார். மூன்று கம்பெனிகளில் தொடங்கிய விசாரணை பெரிதாகி, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஆணையம் உத்தரவு போட்டது. மொத்த அபராதம் சுமார் 2,545 கோடி ரூபாய். பாகங்களை வெளிச் சந்தையில் விற்க வேண்டும், தனி மெக்கானிக்குகளுக்கும் கருவிகளும் கையேடுகளும் கிடைக்க வேண்டும் என்றது ஆணையம். கம்பெனிகள் வழக்கம்போல் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போயின. வருஷங்கள் ஓடின.

ஆக, உங்கள் தெரு முனை மெக்கானிக் அசெம்ப்ளியை மாற்றச் சொல்வதற்கு அவர் சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. அந்தக் காரின் ஒயரிங் படத்தை அவருக்கு யாருமே காட்டியதில்லை. பம்ப் எத்தனை அழுத்தம் தர வேண்டும் என்ற எண்ணைக்கூட அவர் இன்னொரு மெக்கானிக்கிடம் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

2022-இல் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் இணையதளம் சட்டமாகிவிடாது. கொடுக்காத கம்பெனியை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே இதை வாக்குச்சீட்டில் கேட்டு வாங்கினார்கள். டீலருக்குக் கொடுக்கிற தகவலைத் தெரு முனை மெக்கானிக்குக்கும் விலைக்குக் கொடு என்றது அந்தச் சட்டம். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் முடிகிறது. நமக்கு ஏன் முடியாது?

* * *

மூன்றாவது வாக்கியம். "புதுசா ஒண்ணு எடுத்துடுங்க."

இதைத்தான் அரசாங்கமும் வேறு வார்த்தையில் சொல்கிறது. 15 வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார் என்றால் 10,000 என்று 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். நம் ஆசிரியரின் கார் இந்தக் கணக்கில்தான் வருகிறது. டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்குப் பெட்ரோலே கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கினார்கள்.

அதே அரசாங்கம் 2021-இல் விண்டேஜ் கார்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டி, மாறாமல் இருந்தால் தனி நம்பர், தனி மரியாதை. பணக்காரர் ஷெட்டில் பாலிஷ் போட்டு நிற்கிற காருக்குப் பாரம்பரியம் என்று பெயர். 26 வருஷமாகக் குடும்பத்துக்கு உழைக்கிற காருக்குக் குப்பை என்று பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். டேங்குக்குள் பம்ப் வைத்த கார்கள் இங்கே பரவலானதே 1990-களின் இரண்டாம் பாதியில்தான். அவற்றில் மிகப் பழையதுகூட 2045-ஐத் தொடாமல் விண்டேஜ் ஆகாது. அதுவரை பம்ப் கிடைக்காமல், கட்டணம் கட்டிக் கட்டி, அது எப்படி உயிரோடு இருக்கும்?

இதற்கு நடுவில் டேங்குக்குள் போகிற பெட்ரோலையே மாற்றிவிட்டார்கள். 2022-இல் பத்து சதவிகிதம் எத்தனால். 2025-இல் இருபது. எத்தனாலுக்கு நான் விரோதி இல்லை. கரும்பு, சோள விவசாயிக்குக் காசு போகிறது, அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. பழைய காரெல்லாம் நாளைக்கே வெடித்துவிடும் என்று பயமுறுத்தவும் நான் தயாரில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களை ஊறவைக்கும். டேங்கில் வருஷக் கணக்காக ஒட்டியிருந்த கசடைக் கிளப்பி பம்ப்பின் வடிகட்டிக்கு அனுப்பும். கடலோர ஈரக் காற்றில், பல நாள் ஓட்டாமல் நிற்கிற பழைய காருக்கு இது கூடுதல் சோதனை.

2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகமே என்ன சொன்னது? சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான், சர்வீஸின்போதே முடித்துக்கொள்ளலாம் என்றது. நல்ல யோசனை. எந்தக் கடையில் ஐயா? பாகத்தைத் தனியாக விற்க மறுக்கிற கம்பெனியிடமா, இழுத்து மூடிவிட்டுப் போன கம்பெனியிடமா?

காரைக்காலில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். போனில் கேட்டுப் பாருங்கள். அங்கே பெட்ரோல் பங்க்கில் ஐந்து சதவிகித எத்தனால் வரை உள்ளது தனியாக, பத்து சதவிகிதம் வரை உள்ளது தனியாக, லேபிள் ஒட்டி நிற்கும். பழைய கார்க்காரர் எதைப் போடுவது என்று அவரே முடிவு செய்வார். பிரிட்டன் 2021-இல் பத்து சதவிகிதத்துக்கு மாறியபோதும் பழைய வண்டிகளுக்காக ஐந்து சதவிகிதப் பெட்ரோலை விட்டுவைத்தது. இங்கே நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வண்டிகளுக்குப் பத்து சதவிகிதப் பெட்ரோல் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது.

* * *

"பழைய கார் புகை கக்குமே, ஊர் கெடுமே?" என்று கேட்கிற வாசகர்கள் இருப்பீர்கள். கக்குகிற காரைப் பிடியுங்கள். அதற்குத்தானே புகைப் பரிசோதனை? பரிசோதனையை ஒழுங்காகச் செய்து, தேறாத வண்டியைச் சாலையிலிருந்து எடுங்கள். நான் கூட வருகிறேன். ஆனால் வயதைப் பார்த்துத் தண்டிக்காதீர்கள். பராமரித்த 25 வருஷக் கார், பராமரிக்காத 8 வருஷக் காரைவிட நல்ல காற்றை விடலாம். மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பம்ப்புக்கும் அதே நியாயம்தான், காருக்கும் அதே நியாயம்தான்: பார்த்துச் சொல்லுங்கள், பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு புதுக் காரைச் செய்ய இரும்பும் அலுமினியமும் மின்சாரமும் எவ்வளவு ஆகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை நான்கு. கார் விற்கிற கம்பெனி, கடைசிக் காரை விற்ற பிறகும் இத்தனை வருஷம் பாகம் தர வேண்டும் என்று சட்டத்தில் எண்ணாக எழுதுங்கள். பம்ப் மாதிரியான தேய்மானப் பொருளை அசெம்ப்ளியிலிருந்து பிரித்துத் தனியாக விற்கவையுங்கள். ஒயரிங் படமும் அளவுகளும் நியாயமான விலைக்கு எல்லா மெக்கானிக்குக்கும் கிடைக்கட்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பங்க்கிலாவது பழைய வண்டிக்கான பெட்ரோல் இருக்கட்டும்.

நம்மிடம் நாமே கேட்க வேண்டியவையும் உண்டு. கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியாகக் கூலி கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் இருந்தால்தான் நாளைக்கு டூப்ளிகேட் பம்ப் என்று புகார் கொடுக்க முடியும். சென்னையில் புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தைகளைக் கேவலமாகப் பார்ப்பதையும் விடுங்கள். கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ கார்களை இன்றுவரை ஓடவைத்துக்கொண்டிருப்பது அந்தக் கடைகள்தான். ஆனால் மற்றது எதை வாங்கினாலும் அங்கே பழைய பம்ப்பை மட்டும் வாங்காதீர்கள். தேய்ந்ததைக் கொடுத்துத் தேய்ந்ததை வாங்குவதில் என்ன லாபம்?

அம்பகரத்தூர் ஆசிரியருக்கு வேண்டியது சலுகை இல்லை. இருபத்தாறு வருஷம் வரி கட்டி, இன்ஷூரன்ஸ் கட்டி, ஒழுங்காக ஓட்டிய தன் காரைத் தானே பழுது பார்த்துக்கொள்கிற உரிமை. பென்ஷன் பணத்தில் புதுக் கார் கடனுக்குத் தவணை கட்டச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "மாத்தணும் சார்" என்று ஆரம்பித்தால், கோபப்படாதீர்கள். நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"